பழைய ஷெல் கார்டோவன் ஷூ: வேலூர் பக்கத்துக் கைப்பக்குவம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை ஊர்களில் தோல் வாடை தெரியாத வீடு குறைவு. அண்ணன் டேனரியில் இருப்பார், சித்தப்பா ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருப்பார். இத்தனை தெரிந்த ஊரிலும் அமெரிக்காவிலிருந்து பழைய ஷெல் கார்டோவன் ஷூ, அதாவது குதிரைத் தோலில் செய்த ஷூ, ஒன்று வந்து சேர்ந்தால், சரி செய்கிறேன் என்று இறங்கியே அதைக் கெடுத்துவிடுகிறார்கள். இன்றைக்கு இங்கே பெரும்பாலான கைகள் குரோம் தோலுக்கு, அதாவது குரோமிய உப்பில் பதமான தோலுக்குப் பழகியவை. கார்டோவன் மரப்பட்டைச் சாற்றில் பதமானது. குரோமுக்குச் செய்யும் வைத்தியம் இதற்கு ஆகாது.

அந்தக் கைப்பக்குவம் நமக்குப் புதிதும் இல்லை. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதம் போட்டு, புங்க எண்ணெய் தடவி அனுப்பிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்தான் இந்தப் பகுதியின் பேர் சொன்ன சரக்கு. 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டு, தொழில் முழுப்பதத் தோலுக்கும் ஷூவுக்கும் திரும்பியபோது குரோம் எங்கும் பரவியது. பட்டைப் பதத் தோலுக்குச் சூடு ஆகாது, சோப்பு போன்ற காரம் ஆகாது, ஒரே இடத்தில் தண்ணீர் பட்டால் ஆகாது என்று ஈ.ஐ. தோல் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கார்டோவனுக்கும் அதே மூன்றும்தான் எதிரி.

ஷெல் என்பது குதிரையின் பின்பக்கத்தில், தோலுக்கு நடுவே இருக்கும் அடர்ந்த நார் அடுக்கு. ஒரு குதிரைக்கு இரண்டு ஷெல், முட்டை வடிவில். மயிர்ப்பக்கத்துத் தோலில் மயிர்க்கால் துளை இருக்கும், ஷெல்லில் அது கிடையாது. சிகாகோவில் 1905 முதல் நடக்கும் ஹார்வீன் டேனரியில் இந்தத் தோல் பதமாகி வெளியே வர குறைந்தது ஆறு மாதம் ஆகிறது. ஜப்பானின் ஹிமேஜியில் ஷின்கி ஹிகாக்கு என்ற டேனரியும் இதைச் செய்கிறது. பட்டைச் சாற்றில் ஊறிய தோலுக்குச் சூடான கொழுப்பும் மெழுகும் ஏற்றி, ஷெல் வெளியே தெரியும்வரை கையால் சீவி, சாயம் பூசி, கடைசியில் கண்ணாடி உருளையால் அழுத்தித் தேய்த்து மினுக்குகிறார்கள். இந்தக் கடைசி வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டோவனின் பளபளப்பு மேலே பூசியது கிடையாது. நார்கள் அமுங்கிப் படிந்ததால் வந்தது. பின்னால் வரும் பழுதுகளில் பாதி, அமுங்கிய நார் எழும்பிவிடுவதால் வருபவை. வைத்தியமும் அதை மறுபடி அமுக்குவதுதான்.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கார்டோவன் என்பது அமெரிக்கக் கடைகளில் ஒரு நிறத்தின் பெயரும் கூட. பழைய விற்பனைப் பக்கங்களில் கார்டோவன் என்று போட்டிருப்பதில் கணிசமானவை நாகப்பழ நிறத்துச் சாதாரணக் கன்றுத்தோல்தான். காலை மடக்கும் இடத்தைப் பாருங்கள். கன்றுத்தோல் அங்கே பொடிப்பொடிச் சுருக்கமாக விழும். ஷெல், பாயைச் சுருட்டினது போல இரண்டு மூன்று தடித்த அலையாக உருண்டு நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் முன்பாகத்தைப் பாருங்கள். புள்ளிப்புள்ளியாக மயிர்க்கால் தெரிந்தால் ஷெல் இல்லை. தண்ணீர் சொட்டுவிட்டுச் சோதிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். சொட்டு விழுந்த இடம் தடித்துப்போகும்.

1960, 70-களின் ஃப்ளோர்ஷைம் இம்பீரியல் லாங்விங், ஆல்டன் லாங்விங் போன்ற அமெரிக்க ஷூக்கள்தான் (லாங்விங் என்பது முன்பக்கத் தோல் இறக்கை மாதிரி குதிகால்வரை ஓடும் மாடல்) பழைய சரக்கில் அதிகம் கண்ணில் படும். இவை குட்இயர் வெல்ட் கட்டு. அதாவது அப்பரையும் (மேல்பாகத் தோல்) இன்சோலையும் (காலுக்குக் கீழே உள்ளிருக்கும் தோல்) வெல்ட் என்ற ஒரு தோல் நாடாவோடு சேர்த்துத் தைத்து, அந்த நாடாவில் சோலைத் தனியாகத் தைத்திருப்பார்கள். சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம். ஆகவே சோல் ஓட்டையாக இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. உள்ளே கட்டைவிரலை விட்டு அலை விழும் இடத்தை மெல்ல வெளியே தள்ளுங்கள். மெல்லிய வெளுப்புக் கோடு வந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் மேற்பரப்பு காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கோடு வாய் பிளந்து உள்ளே நார் தெரிந்தால் அது வெடிப்பு. வெடித்த ஷெல்லைச் சேர்க்க வழியில்லை. நிறப்பசை வைத்து மூடினால் பத்து நாள் நடையில் உதிரும். அந்த ஜோடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெல்ட் நாடாவில் தையல் ஓட்டைகள் ஒன்றோடொன்று கிழிந்து சேர்ந்திருக்கிறதா, இன்சோல் குறுக்கே விரிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாடாவை மாற்றிக்கொள்ளலாம். இன்சோல் போயிருந்தால் செலவு ஷூவின் விலையைத் தாண்டும்.

பார்சல் வந்த அன்றே ஷூ ட்ரீயை, அதாவது வடிவம் கெடாமல் ஷூவுக்குள் வைக்கும் மரக்கட்டையை, இறுக்கிச் சொருகுவது முதல் தவறு. பல வருடம் அலமாரியில் கிடந்த தோல் விறைத்திருக்கும், பருத்தி நூல் நைந்திருக்கும். பலமாகத் தள்ளினால் குதிகால் தையல் பட்டென்று விடும். இரண்டு நாள் நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். அச்சடிக்காத வெள்ளைத் தாளைத் தளர்வாகச் சுருட்டி உள்ளே வைக்கலாம். அச்சடித்த தாளின் மை லைனிங்கில் ஒட்டும்.

பிறகு சுத்தம். லேசைக் கழற்றி, குதிரைமயிர் பிரஷால் உலர்ந்த தூசு முழுக்கப் போகும்வரை தட்டித் தேயுங்கள். வெல்ட் சந்தில் பழைய டூத் பிரஷ் போகும். அடுத்து பழைய பனியன் துணியை நனைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்னும்வரை பிழிந்து, ஷூ முழுவதையும் ஒரே சீராகத் துடையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் துடைத்து நிறுத்தினால் ஓரத்தில் கறை வரி கட்டும். சோப்பு வேண்டாம். சேடில் சோப்பும் சோப்புதான். பட்டைப் பதத் தோல் இயல்பிலேயே புளிப்புத்தன்மை கொண்டது, சோப்பு காரம். இரண்டும் சேர்ந்தால் பதமே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, தோல் கறுத்து விறைக்கும். பழைய மெழுகு ஏடு ஏடாகப் படிந்திருந்தால் மட்டும் சஃபீர் ரெனோமா மாதிரி ஒரு கரைப்பானைத் துணியில் கடலை அளவு எடுத்து, ஒரே ஒரு முறை. துணியில் கறுப்பாக மெழுகு வருவது நின்று தோலின் நிறம் வரத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும்.

இப்போது எல்லோரும் அவசரப்படும் கட்டம், எண்ணெய். பார்க்க வறண்டிருந்தாலும் ஷெல்லின் உள்ளே டேனரியில் ஏற்றிய கொழுப்பு இன்னும் இருக்கும். நாம் தொட வேண்டியது மேற்பரப்பை மட்டும். கார்டோவனுக்கென்றே செய்த கிரீமில் ஷூவுக்கு ஒரு பட்டாணி அளவு போதும். துணியில் தேய்த்துப் பரப்பிவிட்டு, பிறகு ஷூவில் தடவுங்கள். கிரீமை நேராக ஷூவில் வைத்தால் வைத்த இடம் கறுக்கும். ஒரு இரவு விட்டு, காலையில் ஷூவுக்கு ஐந்து நிமிடம் பிரஷ். மறுநாள் விரலால் வளைத்துப் பார்த்து இன்னும் வெளுத்தால் இன்னொரு பட்டாணி. மூன்றாவது முறை வேண்டாம். கொழுப்பு மிஞ்சினால் நார் தளர்ந்து அலைகள் தொய்ந்துபோகும், பளபளப்பும் நிற்காது. உள்ளே லைனிங்குக்கும் லேசாகத் தடவுங்கள். இந்த வேலை முடிந்த பிறகுதான் ஷூ ட்ரீ.

வீட்டு எண்ணெய்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கை முதலில் அதற்குத்தான் போகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் போலவே தோலுக்குள்ளும் உறைந்து வெள்ளைத் திட்டாக வெளிவரும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, பிசின் மாதிரி ஆகும். புங்க எண்ணெய் ஈ.ஐ. தோலுக்கு டேனரியில் போட்டது. ஏற்கெனவே கொழுப்பு ஏறிய ஷெல்லுக்கு அதைப் போட இடமில்லை.

அடுத்தது அமுக்கித் தேய்க்கும் வேலை. இதைச் செய்யாதவர் கையில் கார்டோவன் பாதிதான் பிழைக்கும். வெளிநாட்டில் இதற்கு மான் எலும்பு விற்கிறார்கள். நம் காட்டு மான்களின் கொம்பையோ எலும்பையோ வாங்குவதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதைத் தேடிப் போக வேண்டாம். தேவையும் இல்லை. கனமான எவர்சில்வர் ஸ்பூனின் முதுகு அந்த வேலையைச் செய்யும். சாப்பாட்டு மேசையில் கீறல் விழுந்த ஸ்பூன் ஆகாது. நகத்தை ஓட்டிப் பார்த்து எங்கும் தடுக்காத ஸ்பூனாக எடுங்கள். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் தாள் மடிக்க வைத்திருக்கும் மாட்டெலும்புப் பட்டையும் நன்றாக உழைக்கும்.

ட்ரீ உள்ளே இருக்கட்டும். அலை விழுந்த இடத்தில் கிரீம் ஒரு நுனிவிரல் தொட்டுத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ஸ்பூனின் முதுகை வைத்து, அலை ஓடும் திசையிலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குத் தேயுங்கள். முதலில் மேட்டின் மேல், பிறகு பள்ளத்துக்குள். சப்பாத்தி மாவை விரிக்கும் அழுத்தம் போதும். முதல் இருபது முப்பது தடவை ஸ்பூன் இழுபடும், கரகரக்கும். அதன்பின் சட்டென்று வழுக்கத் தொடங்கும். தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும். அந்த இடத்தில் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், பக்கத்தில் தொடாத இடம் மங்கலாகத் தெரியும். நார் படிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அலைக்குக் குறுக்கே தேய்த்தால் மேட்டின் உச்சி உரசி நார் பிசிறும். ஒரு ஷூவுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அலை முழுக்க மறையாது, மறைய வேண்டியதும் இல்லை. அதன் மேல் இருந்த வெளுப்பும் பிசிறும் போனால் போதும். ஷூவின் மூக்கில் பட்ட சிராய்ப்பு, பக்கத்தில் விழுந்த நகக்கீறல் எல்லாவற்றுக்கும் இதே ஸ்பூன்தான். உப்புத்தாளை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேய்த்து எடுத்த நார் திரும்ப வராது.

மழைச் சொட்டு விழுந்த தடிப்பும் இந்த வகைதான். அமுங்கியிருந்த நாருக்குள் தண்ணீர் புகுந்து ஊதிவிடும். நனைந்தவுடன் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ட்ரீ போட்டு நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மறுநாளும் புள்ளி தெரிந்தால், பிழிந்த துணியால் முன்பாகம் முழுவதையும் சீராக ஈரப்படுத்தி, மறுபடி காயவிட்டு, பிரஷ், பிறகு ஸ்பூன். வெயிலில் வைத்துக் காய வைப்பவர்கள் வேலூர் வெயிலை மறந்துவிடுகிறார்கள். கத்திரியில் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் வைத்தால் கொழுப்பு மேலே வந்து, நிறம் வெளுத்து, வெல்ட் சுருண்டு நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடிக்கடி வரும் சந்தேகம் ஒன்று: ஷூவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பூஞ்சையா? அதே வெள்ளை தையில் குளிர்ந்த காலையிலும் வரும். இரண்டும் வேறு. வெல்ட் ஓரத்திலும் தையல் ஓட்டைகளிலும் அலையின் பள்ளத்திலும் மாவு தூவினது போல வந்தால் பெரும்பாலும் அது தோலின் உள்ளிருக்கும் கொழுப்பு, குளிரில் வெளிவந்து உறைந்தது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தூரத்தில் சில நொடி காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. பிரஷ் போட்டு உள்ளேயே திரும்பத் தேய்த்துவிடலாம், அது ஷூவின் சொத்து. மறையாமல், வட்டவட்டமாக, லேசாகப் பச்சையோ சாம்பலோ கலந்து, பஞ்சு மாதிரி எழும்பி, ஈரத்துணி வாடை அடித்தால் பூஞ்சை. அந்த ஜோடியை மற்ற ஷூக்களிடமிருந்து உடனே பிரியுங்கள். வீட்டுக்கு வெளியே வைத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் துடையுங்கள். லைனிங்குக்கு 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நல்லது. வெளியே ஆல்கஹால் பட்டால் சாயம் கிளம்பும். துடைத்த பிரஷையும் துணியையும் வேறு ஷூவுக்கு எடுக்காதீர்கள்.

பாலிஷ் விஷயத்தில் சுருக்கமாக முடிக்கிறேன். நுனியில் ஸ்பாஞ்சு வைத்த லிக்விட் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது பிளாஸ்டிக் படலமாகப் படியும். அலை உருளும்போது அந்தப் படலம் விரிசல் விட்டு அப்பளம் மாதிரி உரியும். டப்பா மெழுகு, ஷூவைப் பத்து முறை காலில் போட்டால் ஒரு முறை, மூக்குக்கும் குதிகாலுக்கும் மட்டும். மற்ற நாளெல்லாம் பிரஷ் போதும். நாகப்பழ நிறம் வெளிச்சத்தில் வெளுத்துப் பழுப்பாகும். அந்த நிறமாற்றம் அழகுதான், கறுப்பு கிரீம் போட்டு மறைக்காதீர்கள்.

சோல் மாற்றுவது தனி வேலை. தெருமுனையில் சொல்யூஷன் தடவி ரப்பர் ஷீட் ஒட்டிக் கொடுப்பவரின் திறமையில் குறை இல்லை. ஆனால் ஒட்டு பிடிக்க அவர் வெல்டைச் சுரண்ட வேண்டியிருக்கும், அதோடு அந்த ஷூவின் அடுத்த சோலுக்கு வழி அடைபடும். ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் குட்இயர் வெல்ட் லைனில் வேலை பார்த்த ஆள் கிடைத்தால் அவரிடம் போங்கள். போய்ச் சொல்ல வேண்டியவை: சோல் தையலை மட்டும் அறுங்கள், வெல்ட் நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். பொடிந்த பழைய கார்க்கை முழுக்கச் சுரண்டி எடுத்து, புதிய கார்க்கை வெல்ட் மட்டத்துக்கு நிரப்புங்கள். ஷாங்க் (சோலுக்குள் நடுப்பகுதியில் இருக்கும் இரும்புப் பட்டை) துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். 5 மில்லிமீட்டர் பட்டைப் பதச் சோல். மெழுகு நூல், கூடுமானவரை பழைய ஓட்டைகளிலேயே. கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று, சூடு. ஷூ கம்பெனியில் பசையைச் சூடு காட்டி எழுப்புவது அன்றாட வேலை. குரோம் தோல் அதைத் தாங்கும். வெட் புளூவை, அதாவது குரோம் பதம் முடிந்த ஈரமான நீலத் தோலை, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சுருங்காவிட்டால் பதம் சரி என்று பார்ப்பதை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பட்டைப் பதத் தோல் ஈரமாக இருந்தால் 75, 80 டிகிரியிலேயே சுருங்கிவிடும், சுருங்கியது விரியாது. ஹீட் கன் அப்பர் பக்கம் திரும்பவே கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பழைய ஃப்ளோர்ஷைம் குதிகாலில் வி வடிவ இரும்பு இருக்கும். கிரானைட் தரையில் அது வழுக்கும், ரப்பர் டாப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாள் போட்டால் இரண்டு நாள் ஓய்வு. வேர்வை காய அவ்வளவு நேரம் ஆகும். கழற்றியதும், உள்ளே சூடு இருக்கும்போதே ட்ரீயைப் போடுங்கள், அலைகள் நேராகும். சீடர் மர ட்ரீ கிடைக்காவிட்டால் வார்னிஷ் அடிக்காத எந்த மரமும் சரி. இரும்பு பீரோவுக்குள் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையில், மர அலமாரியில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அலமாரியில் போடலாம், ஷூவுக்குள் போட வேண்டாம். புரட்டாசி கடைசியில் எல்லா ஜோடியையும் வெளியே எடுத்து, பிரஷ் போட்டு, வெல்ட் சந்தை ஒருமுறை துடைத்துவிட்டால் மழைக்குத் தயார்.

லேசை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஐந்து ஜோடிக் கண் உள்ள ஷூவுக்கு 75 சென்டிமீட்டர் மெழுகு பூசிய பருத்தி லேஸ். கட்டும்போது மேல் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்காமல், கீழ்க் கண்ணிலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கி வாருங்கள். ஐம்பது வருட ஷூவில் முதலில் கிழிவது அந்த மேல் கண்தான்.